நாரை தூக்கிய கால்

ஆமையும் நாரையும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஏரிக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. சம்மதம் என்றால் எல்லாக் கால்களையும் சேற்றில் ஊன்ற வேண்டும். இல்லை என்றால் ஒரு காலைத் தூக்க வேண்டும். ஒரே ஒரு கால் மேலே நின்றாலும் காரியம் நடக்காது. கால் இல்லாததால் பாம்புக்கு இதில் சொல்லே இல்லை. ஆனாலும் ஒரு கூட்டம் விடாமல் வந்து சுருண்டுகொள்ளும்.

ஒரு கோடையில் ஏரி வற்றிக் குட்டையானது.

"எல்லாரும் சேர்ந்து பக்கத்து ஏரிக்குப் போயிடுவோம்" என்றது தலைமை ஆமை.

நாரை மட்டும் ஒரு காலைத் தூக்கியது. காரணம் இல்லாமல் இல்லை. அதன் பெட்டை கரைமரத்தில் அடைகாத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து சொல்லலாம் என்றால் எதிரே முட்டை தின்னும் பாம்பு.

"ஏன்பா வேண்டாங்கறே?" என்றது ஆமை.

"வேண்டாம்னா வேண்டாம்."

"பாதித் தூரமாவது போவோமா?" என்றது தவளை.

"மாட்டேன்."

"அப்ப இங்கேயே இருந்துடலாமா?"

"மாட்டேன்." வாய் பழகிவிட்டது.

கூட்டம் தலையைச் சொறிந்தது. போகவும் மாட்டானாம், இருக்கவும் மாட்டானாம், அப்புறம் எதற்கு இந்தக் கால்? நாரைக்கே கொஞ்சம் குழம்பியது. குழம்பியதும் காலை இன்னும் உயர்த்திக்கொண்டது.

நாட்கள் போயின. குட்டை சேறானது. தவளைகளுக்குத் தோல் காய்ந்தது. ஒருநாள் பெட்டை நாரை இரண்டு குஞ்சுகளோடு பறந்து வந்தது.

"பிள்ளைங்க பறக்கக் கத்துக்கிச்சுங்க. இனி பயமில்ல. காலை இறக்குங்க, போகலாம்."

"இதுக்குத்தானா? முதல்லயே சொல்லக் கூடாதா? சரி, இறக்குப்பா" என்றது ஆமை.

அந்த 'இறக்குப்பா' நாரைக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் மாட்டேன் என்றுவிட்டு இப்போது இறக்கினால், ஆமை சொல்லி இறக்கியதாக ஆகிவிடாதா?

"மாட்டேன்."

பெட்டை திகைத்துப்போனது. "எங்களுக்காகத்தானே தூக்கினீங்க?"

நாரை வெகுநேரம் யோசித்தது. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் காலை இறக்க அது போதவில்லை.

கூட்டம் முதன்முதலாக வழக்கத்தை மீறி நகர்ந்தது. குஞ்சுகளுக்குத் தண்ணீர் வேண்டுமே, பெட்டையும் கிளம்பிவிட்டது. ஒரு குஞ்சு மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அன்று முதல்தான் நாரை ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது. யாராவது விட்டுக்கொடுக்க மறுத்தால் 'ஒற்றைக்காலில் நிற்கிறான்' என்று நாமும் சொல்கிறோம். எதற்காக நிற்கிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பாவம், அதற்கே தெரியாது.