வெளிவாசலின் சாவி

நாட்டின் அரசன் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டான். வாரிசு இல்லை. ஊர்த்தலைவர்கள் கூடிப் பேசி, இனி நமக்கு அரசனே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அப்படியானால் நாட்டை யார் ஆள்வது, எப்படி ஆள்வது? அதை எழுதித் தரும் பொறுப்பை அமைச்சர் உலகநம்பியிடம் விட்டார்கள். அவர் கை சுத்தமானவர். பகைவர்கள்கூட அவர் சொல்லை நம்புவார்கள்.

எழுத உட்கார்ந்தவருக்கு முதல் வரியே ஓடவில்லை. தன் குருவைத் தேடி மலையேறினார்.

குருவின் பெயர் பூரணத்தம்மை. உலகநம்பியைவிட வயதில் இளையவர். மலைமேல் அவருடைய மடம். சுற்றிலும் மதில், ஒரே ஒரு வெளிவாசல், உள்ளே மடத்தை நம்பிப் பிழைக்கும் சில குடும்பங்கள்.

"என்ன சந்தேகம்?" என்றார் அம்மை.

"சட்டம் செய்கிறவர்கள், அதை நடத்துகிறவர்கள், வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம். சபையில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது வீண் இழுபறியாகப் படுகிறது. நேர்மையான ஒருவரிடம் மூன்றையும் கொடுத்தால் போதாதா?"

"நீ நேர்மையானவனா?"

"அம்மாவுக்குத் தெரியும்."

"தெரியும்." அம்மை வெளிவாசல் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். "நான் ஆற்றங்கரை ஊருக்குப் போகிறேன். மழை ஓய்ந்துதான் வருவேன். அதுவரை இந்த மலை உன்னுடையது. சட்டம் நீ போடு. நீயே நடத்து. வழக்கு வந்தால் நீயே கேள்."

"இத்தனூண்டு மடத்தில் ஆள்வதற்கு என்ன இருக்கிறது?"

அம்மை மலையிறங்கிப் போனார்.

மழையோடு மூடுபனியும் வந்தது. மதிலுக்கு வெளியே நாலடி தள்ளி நிற்கும் மரம் தெரியவில்லை. பூப்பறிக்கப் போன மடத்துப் பெண் செவ்வந்தி வழி தப்பிப் பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அவள் வலியில் கத்தியதைக் கேட்டு உலகநம்பிக்கு நெஞ்சு பதறியது. அன்றே சட்டம் போட்டார். பொழுது சாய்ந்தபின் யாரும் வெளிவாசலைத் தாண்டக் கூடாது. தானே வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு உள்ளறைக்குப் போய்க் கண்மூடித் தியானத்தில் அமர்ந்தார். தினமும் அந்தி நேரத்தில் அதுதான் அவர் வழக்கம்.

கொஞ்ச நாளில் ஒருவன் பிடிபட்டான். மாடு மேய்க்கும் சடையன். தியானம் முடிந்து மதிலோரம் நடந்துகொண்டிருந்த உலகநம்பியே பார்த்தார். அவன் வெளியிலிருந்து மதிலேறி உள்ளே குதித்தான். முழங்காலெல்லாம் ரத்தம்.

கூடத்தில் எல்லோரையும் வைத்து விசாரித்தார்.

"சட்டம் தெரியாதா?"

"தெரியும் சாமி. நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"நானா?"

"வெளியிலேருந்து. 'பள்ளத்துல ஆள் விழுந்து கிடக்கு, ஓடி வா'ன்னு. வாசல் திறந்திருந்துச்சு. ஓடிப் போய்ப் பார்த்தா பள்ளத்துல யாருமில்ல. திரும்பி வந்தா வாசல் பூட்டியிருக்கு. அதான் மதிலேறினேன்."

உலகநம்பி இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது.

"அந்த நேரம் நான் உள்ளறையில் இருந்தேன்."

"அது உங்க குரல்தான் சாமி."

பொய் என்று அவருக்குத் தெரிந்தது. சட்டம் போட்டவர் அவர், பிடித்தவரும் அவர். சாட்சி தேட வேண்டிய வேலையே இல்லை. இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்றுகூட நினைத்துக்கொண்டார். மழை ஓயும்வரை வைக்கோல் அறையில் அடைக்கச் சொன்னார்.

"வேற யாராவது ஒருத்தர் விசாரிங்க," என்றான் சடையன்.

"வேறு யார் இருக்கிறார்கள்?"

சடையன் சுற்றிப் பார்த்தான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து மடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அந்தி மசங்கும்போது பனிக்குள்ளிருந்து குரல் வருகிறதாம். ஒரு நாள் ஒருவர் பெயர், மறுநாள் இன்னொருவர் பெயர். பெண்கள் அழுதார்கள். பீதி பரவினால் மலையே கெட்டுவிடும் என்று உலகநம்பி இரண்டாவது சட்டம் போட்டார். குரல் கேட்டதாக யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது.

அதோடு முணுமுணுப்பு அடங்கியது. சிரிப்பும் அடங்கியது. கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு மாலை தியானத்துக்குப் போகும் வழியில் அவர் அதைப் பார்த்தார். வெளிச்சம் மங்கியதும் மடத்தில் இருந்த அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்கள். கைக்குழந்தையின் காதைத் தாய் பொத்தினாள்.

சமையல்கட்டில் சடையனின் மனைவி மாசிலாளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சாமி."

"பயப்படாமல் சொல்."

"சொன்னா தப்பு. தப்புன்னு சொன்னதும் நீங்க, அடைக்கிறதும் நீங்க. யாரை நம்பிச் சொல்றது?"

அவருக்கு வருத்தமாக இருந்தது. இவர்கள் நன்மைக்குத்தானே செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டே உள்ளறைக்குப் போனார்.

அன்று கண் திறந்தபோது அவர் பாதங்களில் சேறு அப்பியிருந்தது. கணுக்கால்வரை ஈரம். கிணற்றடிக்குப் போயிருப்பேன், மறந்திருக்கும் என்று கழுவிவிட்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. விசாரிக்கத்தான் வேண்டும். விசாரிக்க வேண்டியவரும் அவர்தான். விசாரித்தார். நான் நகரவே இல்லை என்று அவரே சொன்னார். அவரே அதை ஏற்றுக்கொண்டார்.

விடிந்ததும் பச்சிலை வைத்தியன் குருந்தனைக் காணோம். பள்ளத்தில் கிடந்தான். உயிர் இல்லை.

உலகநம்பி தன் கையாலேயே அவனுக்கு மண் போட்டார். குலுங்கி அழுதார். அவரைத் தவிர யாரும் அழவில்லை. அவர் வாய் திறக்கும்போதெல்லாம் கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது.

மழை ஓய்ந்து ஒரு முற்பகலில் பூரணத்தம்மை திரும்பி வந்தார்.

"மலை எப்படி இருக்கிறது?"

"ஒரு குறையும் இல்லை. யாரும் புகார் சொல்லவில்லை."

"குருந்தன் எங்கே?"

"சட்டத்தை மீறி வெளியே போனான். இறந்துவிட்டான்."

"ஏன் போனான்?"

உலகநம்பி பதில் சொல்ல வாயெடுத்தார். தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூடத்தில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினார்.

"குருந்தன் ஏன் போனான்? உங்களுக்குத் தெரியுமா?"

யாரும் பேசவில்லை.

"குரலைப் பற்றிப் பேசக் கூடாது என்ற சட்டத்தை ரத்து செய்கிறேன். இப்போது சொல்லுங்கள்."

ஒருவரும் அசையவில்லை.

"அம்மா, சட்டத்தை எடுத்துவிட்டேனே. ஏன் பேச மாட்டேன் என்கிறார்கள்?"

"இப்போதும் அதே குரல்தானே கூப்பிடுகிறது?"

உலகநம்பி இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கீழே வைத்தார். "அம்மா, நீங்கள் விசாரியுங்கள்."

"நானா? மலையை உன்னிடம் கொடுத்தது நான். என்னையும் சேர்த்து விசாரிக்க வேண்டியிருக்கும்," என்றார் அம்மை. கூட்டத்தைப் பார்த்து, "யார் கேட்டால் பேசுவீர்கள்?" என்றார்.

அவர்கள் ஒதுங்கிப் போய்த் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் எந்தக் குரலுக்கும் எழுந்து ஓட முடியாமல் கிடந்த செவ்வந்தியைக் கட்டிலோடு தூக்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்தார்கள். சடையனை வெளியே விட்டார்கள். உலகநம்பி கைகட்டி நின்றார்.

செவ்வந்தி கேட்டாள். முதலில் மாசிலாள் பேசினாள்.

"குருந்தன் போன அன்னிக்கு, காதுலேருந்து கையை விலக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இவர் உள்ளறையிலேருந்து வந்தார். கண்ணு மூடியிருந்துச்சு. வாசலைத் திறந்து பனிக்குள்ள போய் நின்னார். 'குருந்தா, பள்ளத்துல ஆள் கிடக்கு, காப்பாத்து'ன்னு கதறினார். குருந்தன் மருந்துப் பையோட ஓடினான். இவர் திரும்பி வந்து பூட்டிட்டு உள்ளே போய் உட்கார்ந்துட்டார்."

"முதல்லயே ஏன் சொல்லல?" என்றாள் செவ்வந்தி.

"யார்கிட்ட சொல்ல?"

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். பொழுது இறங்கும்வரை பேசினார்கள். உலகநம்பி ஒரு சொல்லையும் மறுக்கவில்லை.

குருந்தன் செய்துவந்த வேலையை ஆயுள்வரை இவர் செய்ய வேண்டும், இவர் நடத்தும் எதற்கும் இவரே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றாள் செவ்வந்தி. இரண்டு சட்டங்களையும் கூடியிருந்தவர்கள் எடுத்துப் பேசினார்கள். வாசல் சட்டத்தை வைத்துக்கொண்டார்கள், பேசக் கூடாது என்றதை நீக்கினார்கள். சாவி சடையனிடம் போனது.

அன்று அந்தியில் உலகநம்பி கண் திறந்தபோது வெளிவாசல் கதவில் நெற்றி முட்டி நின்றுகொண்டிருந்தார். தொண்டை எரிந்தது. கதவு பூட்டியிருந்தது. பின்னால் விளக்கோடு ஆட்கள் நின்றார்கள்.

"கூப்பிட்டீங்க சாமி," என்றாள் மாசிலாள். "யாரும் போகல. வாங்க உள்ளே."

சபைக்கு எழுத வேண்டியதை முடித்துக் கொடுத்துவிட்டு வரச் செவ்வந்தி தவணை கொடுத்தாள். காலையில் உலகநம்பி மலையிறங்கப் புறப்பட்டார். அம்மை படிவரை வந்தார்.

"மூன்றாகப் பிரித்தே எழுதுகிறேன் அம்மா. ஒரு கவலைதான். மூன்று இடத்துக்கும் நல்லவர்களாகப் பார்த்துப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு பயமில்லை அல்லவா?"

பூரணத்தம்மை பள்ளத்தின் பக்கம் பார்த்தார். பனி விலகி, அடிவரை தெரிந்தது.

"குருந்தனைக் கூப்பிட்டவனும் நல்லவன்தான்," என்றார்.