அலுமினியம் ஆறும் நேரம்

தேவசகாயம் புகார்க் கடிதத்தைச் செண்பகவல்லியின் மேஜைமேல் விசிறிப் போட்டார்.

சிப் தொழிற்சாலையில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஐம்பத்தொரு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். அவருக்கு வழிகாட்டியான செண்பகவல்லிக்கு வயது முப்பத்தெட்டு. புகார், உலோகம் பூசும் இயந்திரத்தை ஓட்டும் ரஹ்மத்துன்னிசாவின் மேல். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்.

கடுங்குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் மீக்கடத்திச் சிப் அவருடையது. ஒரு சிப்பில் நாலாயிரம் சந்திகள். ஒவ்வொன்றிலும் இரண்டு உலோகப் படலங்களுக்கு நடுவே, அலுமினியத்தின் மேல் ஆக்சிஜன் விட்டு வளர்த்த மெல்லிய தோல். சில அணுக்கள்தான் தடிமன். நாலாயிரமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நாலு பிசகினாலும் சிப் வேலைக்கு ஆகாது. சிப்பு உருவாகும் சிலிக்கன் தகடுகளில் முதல் இரண்டு அருமையாக வந்தன. அடுத்த மூன்றும் நாசம்.

"வேணும்னே பண்றா மேடம்," என்றார்.

முதல் இரண்டு தகடுகளுக்கும் அலுமினியம் பூசி முடித்ததும் அவள் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். செய்முறையில் இல்லாத அரை மணி. உடனே ஆக்சிஜனை விடு என்று இவர் அதட்டினாராம். அந்த வன்மத்தைத்தான் தகட்டில் காட்டுகிறாளாம்.

செண்பகவல்லி அவரைத் தூசி புகாத சுத்த அறைக்கு அழைத்துப் போய், இயந்திரத்தின் முன் உட்காரவைத்து, ஒரு தகட்டை அவரையே ஓட்டச் சொன்னார்.

அலுமினியம் பூசி முடிந்தது. தேவசகாயத்தின் கை ஆக்சிஜன் குமிழுக்குப் போனது.

"தகடு எத்தனை டிகிரி?"

"எழுபத்தொண்ணு. ஆறிடும் மேடம்."

"உள்ளே காத்தே இல்லையே. எப்படி உடனே ஆறும்? சூட்டோட விட்டா தோல் ஒண்ணுபோல வளருமா?"

கையை இழுத்துக்கொண்டார். திரையில் எண்கள் ஆமை வேகத்தில் இறங்கின. அரை மணி நேரம் அவரும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் ஆக்சிஜன் விட்டார்.

ஐந்தாம் நாள் சிப்பைத் திரவ ஹீலியத்தில் இறக்கி அளந்தார்கள். நாலாயிரமும் ஒன்றுபோல்.

தேவசகாயத்துக்கு முன்னைவிட ஆத்திரம் வந்தது. சிலருக்குத் தங்கள் தப்பு தெரியவரும்போதுதான் குரல் உயரும்.

"அப்போ இது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. மூணு தகடு நாசமாகறதைப் பார்த்துக்கிட்டு வாயைத் திறக்காம இருந்திருக்கா. இது துரோகம் இல்லையா மேடம்?"

செண்பகவல்லி பதிவேட்டை எடுத்து விரித்தார். தகட்டுக்கு ஒரு பக்கம். இயந்திரம் ஓட்டியவர் எழுத வேண்டும். ஆராய்ச்சியாளர் படித்துக் கையெழுத்திட வேண்டும். வீணான மூன்று தகடுகளின் பக்கங்களிலும் ரஹ்மத்துன்னிசா ஒரே வரியை எழுதியிருந்தாள்: 'தகடு ஆறவில்லை. சார் உத்தரவுப்படி ஆக்சிஜன் விட்டேன்.'

மூன்றின் கீழும் தேவசகாயத்தின் கையெழுத்து.

செண்பகவல்லி புகார்க் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும்னு எழுதியிருக்கீங்க. யாரைன்னு யோசிச்சு, இன்னொரு தடவை எழுதிக் குடுங்க. நான் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."