மலையடி வளைவில் விழுந்த செயின்

செயின் மறுபடியும் விழுந்தபோது சென்னியப்பன் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் போட்டி தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. சமதளத்தில் வேகமாக வந்து, கோத்தகிரி மலைச்சாலை ஆரம்பிக்கும் வளைவில், பெடல் பக்கத்துப் பல்சக்கரங்களில் பெரிய ரிங்கிலிருந்து சின்ன ரிங்குக்குச் செயினை இறக்கிக்கொண்டு ஏற வேண்டும். முதல் மூன்று பேருக்கு மாநில அணியில் இடம். அவர் மகள் சுபிக்ஷா இந்த ஒரு காலைக்காகத்தான் இரண்டு வருடமாக மிதித்தாள். அவளுடைய சைக்கிளைத் தயார் செய்தது அப்பா.

சுபிக்ஷாவின் சைக்கிள் அணிக்கு மெக்கானிக்கான ரெஜினா வந்தார். சென்னியப்பனைவிடப் பத்து வயது சிறியவர். ஆனாலும் அணியில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர், சென்னியப்பனுக்கும்தான். பம்ப் கம்பெனி லேத்தில் வேலை பார்த்த சென்னியப்பன், மகள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதும் ரெஜினாவிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். நல்ல மாணவர். என்ன, எதையும் ஒரு திருப்பு கூடுதலாக இறுக்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

“மாஸ்டர், செயின் விழாம இருக்கோணும்னா என்னங்க பண்றது?”

ரெஜினா சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினார். குனிந்து முன் டீரெயிலரைப் பார்த்தார். செயினை ஒரு ரிங்கிலிருந்து இன்னொரு ரிங்குக்குத் தள்ளிவிடும் சின்ன உலோகக் கூண்டு அது. ஸ்பேனரை எடுத்தார். கூண்டை இழுத்துப் பிடித்திருந்த கேபிளைக் கழற்றிவிட்டார்.

சென்னியப்பனுக்கு உயிரே போய்விட்டது. “என்னங்க இது? நேரமில்லீங்க மாஸ்டர்.”

“இருக்குது. யாரும் இழுக்காதப்ப இது எப்படி நிக்குதுன்னு பாருங்க.”

பார்த்தார். “கோணலா நிக்குதுங்க.”

“நேத்துக் கழுவி மாட்டுனப்பப் பாத்தீங்களா?”

“ஸ்க்ரூவைத்தான் பாத்தனுங்க.”

“எத்தனை தடவை திருப்புனீங்க?”

“செயின் விழுந்தப்பல்லாம்.”

ரெஜினா சிரிக்கவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருந்தால் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மைக்கில் வீரர்களை அழைக்க ஆரம்பித்தார்கள். ரெஜினா கூண்டைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தினார். பெரிய ரிங்கின் பல்லுக்கு மேலே ஒரு காசு நுழையும் இடம் விட்டார். கூண்டை ரிங்கோடு நேராக வைத்து இறுக்கினார். பிறகு, கூண்டு உள்ளே எவ்வளவு நகரலாம் என்று கட்டுப்படுத்தும் உள்பக்க ஸ்க்ரூ. பிறகு கேபிள். வெளிப்பக்க ஸ்க்ரூ கடைசியில். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது சென்னியப்பன். இரண்டு முறை அதைக் கீழே போட்டார்.

செயின் ஏறியது, இறங்கியது. விழவில்லை.

சென்னியப்பன் குனிந்து உற்றுப் பார்த்தார். கூண்டின் உள்தகட்டுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி தெரிந்தது.

“இதுல சந்து இருக்குதுங்களே. அடைச்சுப் போட்டா செயின் எப்படி விழும்?”

ரெஜினா ஸ்க்ரூ டிரைவரை அவரிடமே கொடுத்தார். “அடைங்க.”

உள்பக்க ஸ்க்ரூவை இறுக்கி அடைத்தார். முகம் தெளிந்தது.

“இப்பப் பெரிய ரிங்குல ஏத்தி, சின்னதுக்கு இறக்குங்க.”

ஏறியது. இறங்கவில்லை. ஹேண்டில்பாரில் இருந்த கியர் லிவரைத் திரும்பத் திரும்பத் தட்டினார். செயின் பெரிய ரிங்கை விட்டு அசையவே இல்லை.

“இதை வெச்சுக்கிட்டு மலை ஏறச் சொல்லுங்க உங்க பொண்ணை.”

சென்னியப்பன் தலையைக் குனிந்தபடி ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அப்ப இனி விழாதுன்னு சொல்லுவீங்களா?”

“மாட்டேன்.”

அந்த ஒரு சொல் அவரைக் கோபப்படுத்தியது. மாஸ்டர் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டார். “அப்புறம் எதுக்குங்க இத்தனை வேலை?”

ரெஜினா சுபிக்ஷாவைக் கூப்பிட்டார். ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை இறக்கி அவளை ஏறச் சொன்னார். பின்சக்கரம் தரையில் படாதபடி சைக்கிளைச் சீட்டுக்கு அடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செயினை விரலால் உள்பக்கம் தள்ளிக் கீழே விழவைத்தார்.

“கீழ இறங்காம செயினை ஏத்து.”

சுபிக்ஷா திகைத்தாள். “எப்படிக்கா? அப்பாதான் எப்பவும் மாட்டுவாங்க.”

சென்னியப்பனின் கை தானாக நீண்டது. ரெஜினா அதைத் தன் தோளால் மறித்தார்.

“பெரிய ரிங்குக்கு லிவரைத் தள்ளு. மிதிக்கிறதை நிறுத்தாத. வேகமா வேண்டாம்.”

முதல் முறை செயின் சிக்கியது. அடுத்த முறையும் சிக்கியது. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை செயின் பல்லைப் பிடித்து ஏறியது. அவள் தொடக்கக் கோட்டுக்குப் போனாள்.

ரெஜினாவும் சென்னியப்பனும் பைக்கில் மலையடிக்குப் போய் வளைவில் நின்றார்கள். வெளியாள் கை சைக்கிளில் பட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். இது சென்னியப்பனுக்கும் தெரியும்.

முன்கூட்டம் வந்தது. சுபிக்ஷா மூன்றாவதாக இருந்தாள். வளைவில் சாலை மேடாகும் இடத்தில், மிதித்த அழுத்தம் குறையாமலே லிவரைத் தட்டினாள். செயின் விழுந்தது. கால்கள் வெறுமனே சுற்றின.

சென்னியப்பன் சாலைக்குள் ஓடிவிட்டார். இரண்டு அடி தூரத்தில் மகள். சைக்கிள் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். ரெஜினா தடுக்கவில்லை. தலையசைக்கக்கூட இல்லை. அவர் பாட்டுக்கு நின்றார்.

சென்னியப்பன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டார்.

ஒருத்தி தாண்டிப் போனாள். இன்னொருத்தியும் போனாள். சுபிக்ஷா லிவரைத் தள்ளினாள். நிற்கப்போகிற சைக்கிளில் மெல்ல மிதித்தாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. செயின் ஏறிவிட்டது. அவள் எழுந்து நின்று மிதித்து, ஐந்தாவது ஆளாக வளைவைத் தாண்டி மறைந்தாள்.

சென்னியப்பன் சாலையைவிட்டு வெளியே வந்தார். அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“மேல இன்னும் எத்தனை வளைவு இருக்குதுங்க மாஸ்டர். அங்க விழுந்தா?”

ரெஜினா பைக்கைக் கிளப்பவில்லை. பைக் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அங்க நாம இல்லீங்கண்ணா.”