தெரியாதவளுக்கு வாய் திறந்த வெண்கலச் சேவல்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், ஒட்டகத்துக்கு ஒரு திமில் வைப்பதா இரண்டு வைப்பதா என்று கடவுளே முடிவு செய்யாமல் இருந்த காலத்தில், பாலைவனத்துக்கு நடுவே பொன்மணல்பட்டணம் என்று ஓர் ஊர் இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல். ஊரை ஒட்டி ஒரு காய்ந்த ஆறு. அதிலும் மணல்தான்.

அந்த ஊருக்கு ஆபத்து மூன்று. மணல்புயல் வந்தால் நிலவறைக்குள் இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும். வெள்ளம் வந்தால் மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். அனல்காற்று வந்தால் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். பாலைவனத்தில் வெள்ளமா என்று சிரிக்காதீர்கள். எங்கோ மலையில் மழை கொட்டும். இங்கே ஒரு துளி விழாது. ஆனால் பளீரென்று வெயில் அடிக்கும்போதே ஆறு புரண்டு வரும்.

அதனால் கோட்டை மதில்மேல் எப்போதும் காவல் உண்டு. மணலுக்கு உடுக்கை, வெள்ளத்துக்கு முரசு, அனலுக்குச் சங்கு. சத்தம் கேட்டதும் ஊர் சரியான பக்கம் ஓடிவிடும்.

ராஜா வெயிலுகந்தானுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவருக்கு மத்தியானத் தூக்கம் முக்கியம். "எப்பப் பாரு டமடம, டும்டும், பூம்பூம்! மனுஷன் கண் அசர முடியுதா?" என்று எரிந்து விழுந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கருங்குடுமி என்ற மந்திரவாதி வந்து சேர்ந்தான். கையில் ஒரு வெண்கலச் சேவல். "மகாராஜா, மூணு சத்தத்தையும் இதுக்குள்ள அடைச்சுத் தர்றேன். ஆபத்து வந்தா இது கூவும். அவ்வளவுதான்" என்றான். ஊர் அழிந்தால் அரண்மனைப் பொன்னை அள்ளிக்கொண்டு போகலாம் என்பது அவன் திட்டம். ராஜா தலையாட்டினார். மந்திரவாதி சேவலின் வாயில் ஊதினான். உடுக்கை ஊமையானது, முரசு ஊமையானது, சங்கும் ஊமையானது.

ஒருநாள் உச்சிவெயிலில் சேவல் கூவியது. "வருது! வருது! வருது!"

என்ன வருகிறது? அதைச் சொல்லவில்லை. அதைவிட மோசம், அந்தக் கூவலில் ஒரு மாயம் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டதுபோல ஒரு நினைப்பு வந்துவிடும். "மணல்தான், சந்தேகமே இல்லை!" என்றார் மந்திரி. "அனல்தான், எனக்குத் தெரியாதா?" என்றார் சேனாபதி. "எதிரிப் படைதான், வாசனை வருது!" என்றார் அரண்மனைச் சமையல்காரர். ராஜா, "எல்லாம் எனக்குத் தெரியும். கீழே போங்க!" என்று கத்தினார். ஊரே நிலவறைகளுக்குள் இறங்கியது.

மோர் விற்கும் நீலவேணியிடம் மட்டும் மாயம் பலிக்கவில்லை. எது வலது செருப்பு, எது இடது செருப்பு என்று தினமும் திண்டாடுகிறவள் அவள். பிறவிக் குழப்பத்துக்கு முன்னால் மந்திரம் என்ன செய்யும், பாவம்! புருஷன் ஒட்டகங்களோடு வெளியூர் போயிருந்தான். நிலவறைத் தொட்டிலில் கைக்குழந்தை பவழம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நீலவேணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். ஐயோ, மணல் வந்தால் மூச்சு முட்டுமே! கீழே ஓடினாள். ஐயோ, வெள்ளம் வந்தால் முழுகிப் போவாளே! மேலே ஓடினாள், கீழே ஓடினாள், நடுப்படியில் நின்று அழுதாள். பிறகு குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அரண்மனை வாசலில் இருந்த சேவலிடமே போனாள்.

"சேவலே, மணலா வருது?" பதில் இல்லை. "வெள்ளமா?" பதில் இல்லை. "அனலா?" பதில் இல்லை.

அவள் குழந்தையைச் சேவலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலை, சேவலே. மேல போறதா, கீழ போறதா, தெரியலை. புள்ளையை வச்சுக்கிட்டு நிக்கிறேன். சொல்லேன்."

சேவலின் கழுத்து கிரீச்சென்று திரும்பியது. "நிஜமாவே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

"அப்பாடா! தெரியலைன்னு சொல்றவங்களுக்கு மட்டும்தான் நான் பதில் சொல்ல முடியும். இந்த ஊர்ல அப்படி ஒருத்தரும் இல்லையே! வெள்ளம் வருது. மலை அடிவாரம் தாண்டியாச்சு. மேல ஓடு!"

"ஊர்ல மத்தவங்க எல்லாம் கீழ இருக்காங்களே?"

"என்னை இங்க வச்சது ராஜா. அவர் வாயால தெரியலைன்னு சொன்னா மந்திரம் உடையும்."

நீலவேணி மாடியைப் பார்த்தாள். ராஜா இறங்கியிருந்த அரண்மனை நிலவறைப் படியைப் பார்த்தாள். குழந்தையை எங்கே விட்டுவிட்டுப் போவது? அதுவும் தெரியவில்லை. தூக்கிக்கொண்டே கீழே இறங்கி, சேவல் சொன்னதை ராஜாவிடம் சொன்னாள்.

"வெள்ளமா? வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை!" என்று சிரித்தார் ராஜா.

"அப்போ என்ன வருது, மகாராஜா?"

"மணல்!"

"கண்ணால பார்த்தீங்களா?"

"அப்போ அனல்!"

"உடம்பு சுடுதா?"

"அப்போ... படை!"

நீலவேணி சட்டென்று பவழத்தை அவர் மடியில் வைத்தாள். "இவளை எங்க வைக்கட்டும்? மேலேயா, கீழேயா? தப்பாச் சொன்னா செத்துப்போவா. யோசிச்சுச் சொல்லுங்க."

குழந்தை விழித்துக்கொண்டு ராஜாவின் மீசையைப் பிடித்தது. அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்த்துப் பொய்யாக ஒன்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"எனக்கு... எனக்குத் தெரியலைம்மா."

வாசலில் சேவல் தூள்தூளாக வெடித்தது. அடிக்க ஆளில்லாமலே முரசு முழங்கியது. டும்! டும்! டும்! எல்லோருக்கும் மாயம் தெளிந்தது. கிழவரும் குஞ்சுகுளுவானும் விழுந்தடித்து மாடிக்கு ஏறினார்கள். ராஜா குழந்தையைக் கீழே விடாமல் ஏறினார். பளீர் வெயிலில், முள்ளும் பாறையும் புரள, செந்தண்ணீர் ஊருக்குள் புகுந்தது.

கருங்குடுமி என்ன ஆனான் என்கிறீர்களா? பொன்னை ஏற்றிப்போகக் கழுதைகளோடு அந்தக் காய்ந்த ஆற்றுக்குள்தான் ஒளிந்திருந்தான். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்! கழுதைகள் கரை ஏறிவிட்டன.

மேட்டில் ஒரு வீடும், மதில் காவலின் பொறுப்பும் நீலவேணிக்குக் கிடைத்தன. தண்ணீர் வடிந்த மறுநாள் அவள் தன் பழைய வீட்டுக்குப் போனாள். நிலவறைக் கதவைத் திறந்தாள். தரையிலிருந்து கூரை வரை சேறு. தொட்டில் எங்கே தொங்கியது என்றுகூடத் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பவழத்தை மார்போடு இறுக்கிக்கொண்டு, ஓவென்று அழுதாள். இறுக்கம் தாங்காமல் குழந்தை கத்தியது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் சிரித்தாள்.

பொன்மணல்பட்டணம் நனைந்தும் பிழைத்தது. கேட்ட நீங்களும் சொன்ன நானும் நன்றாக இருப்போம்.