உடனே சாத்தாத கதவு

ஓர் ஆய்வுக்கூடத்து மேசையில் இரண்டு டயோடுகள் இருந்தன. மின்சாரம் ஒரு பக்கம் போகலாம், திரும்பி வரக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர்கள் அவர்கள்.

முதலாமவர் நல்லவர் என்று பெயர் எடுத்தவர். மின்சாரம் திரும்ப நினைத்தாலே கதவைச் சாத்திவிடுவார். இரண்டாமவர் அப்படியில்லை. போகிற மின்சாரத்தில் கொஞ்சத்தை உள்ளே பதுக்கிக்கொள்வார். மின்சாரம் திரும்பும்போது, பதுக்கியது தீரும்வரை வழிவிட்டுக்கொண்டே இருப்பார். தீர்ந்ததும் கதவைப் படாரென்று அறைவார்.

"என்னய்யா பழக்கம் இது? வந்த கோபத்தை அப்போதே காட்டிவிட வேண்டியதுதானே?" என்றார் நல்லவர்.

"அப்போதே வந்து போனால் அது கோபமா? தும்மல்."

இருவரையும் வடிவமைத்தவள் தமயந்தி. உள்ளே வரும் அலையைப் பத்து மடங்கு வேகமாக்கி அனுப்பும் சுற்று ஒன்றை அவள் செய்துகொண்டிருந்தாள். கதவைச் சீக்கிரம் சாத்தினால் அலையும் வேகமாகிவிடும் என்பது அவள் கணக்கு. அதனால் நல்லவரைப் பொருத்தினாள்.

அலை வந்தது. நல்லவர் நோகாமல் சாத்தினார். வெளிவாசலில் நின்ற வடிகட்டி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

"பத்து மடங்கு அலையைப் பொறுக்கி அனுப்பத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே பொறுக்க என்ன இருக்கிறது? முனகல்தான் வருகிறது!"

கூட வேலை பார்க்கும் இருதயராஜ் எட்டிப் பார்த்தார். "அந்த இன்னொண்ணைப் போட்டுப் பாரும்மா."

"அதுவா சார்? அது சொன்ன பேச்சு கேக்காது. உடைச்சுப் போடலாம்னு இருக்கேன்."

"உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை போடேன்."

'உடைப்பாளாமே!' இரண்டாமவர் அதையும் உள்ளே போட்டு வைத்துக்கொண்டு சுற்றில் ஏறினார்.

அலை வந்தது, போனது, திரும்பியது. அவர் அசையவில்லை. "பாத்தீங்களா சார்?" என்று தமயந்தி வாயெடுப்பதற்குள் விழுந்தது ஓர் அறை. அந்த அதிர்ச்சியில் அலை சில்லுச் சில்லாகத் தெறித்தது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, பத்து மடங்கு என்று விதவிதமான வேகத்தில் குட்டி அலைகள் ஓடின. வடிகட்டி பாய்ந்து பத்தாவதைப் பிடித்து வெளியே தள்ளியது.

தமயந்தி துள்ளினாள். டயோடைக் குனிந்து பார்த்து, "மன்னிச்சுக்கோடா ராஜா," என்றாள்.

"பெற்றவளே மன்னிப்புக் கேட்டுவிட்டாள். இனிமேலாவது மனசில் இருப்பதை விட்டுவிடும்," என்றார் நல்லவர்.

"விட்டுவிட்டால் நாளைக்கு எதை வைத்து அறைவது?"