கிழக்கு பாத்த வீடு மலையேறுன கதை

என்ன, எல்லாரும் வந்தாச்சா? மலைப்பாதைன்னு சொன்னதுமே முன்னால இருக்கிறவருக்கு முழி பிதுங்குது. பேய் வரும்னு நெனைக்கிறாரு. வராதுய்யா, நல்லா சாஞ்சு உக்காரும். அந்தா அந்த அக்கா, வெந்நீர் ஊத்துன்னதும் யாரோ யாரையோ பாத்து காதலாகப் போகுதுன்னு தலையெல்லாம் சீவிட்டு வந்திருக்காங்க. அதுவும் கெடையாது. கடைசியில ஒரு கெட்டிக்காரன் வந்து எல்லாத்தையும் சரி பண்ணுவான்னு காத்திருக்கிறவங்க இப்பவே போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிரலாம். இந்தக் கதையில வண்டியேறிப் போன கூட்டத்துல புத்தியுள்ள ஒரே உசுரு பசுமாடுதான். அதுவும் வாயத் தொறக்கல.

கூகைக்குளத்துல வைரவன்னு ஒருத்தன். தலை நரைக்க ஆரம்பிச்சாச்சு, கல்யாணம் ஆகல. போற எடமெல்லாம் "சொந்த வீடு இருக்கா?"ன்னு கேட்டாங்க. இவன் உண்மையச் சொன்னான். அவ்வளவுதான் விஷயம்.

அப்பதான் ஆவிப்பாறை மலையில செண்பகவடிவுன்னு ஒரு பொண்ணு அமைஞ்சுது. போட்டோவப் பாத்ததுல இருந்து வைரவன் இட்லியச் சட்னியில தொடாம தண்ணியில தொட்டுத் தின்னுட்டிருந்தான். அவளுக்கும் இவனப் பிடிச்சுப் போச்சு. அது அவ தலையெழுத்து. ஆனா அவ அப்பா கோமதிநாயகம், மலைமேல வெந்நீர் ஊத்தப் பாத்துக்கிடற மனுசன், போன்ல கறாராச் சொல்லிட்டாரு.

"சொந்த வீடு இருக்கணும். கிழக்கு பாத்த வாசலா இருக்கணும். அத என் கண்ணால பாத்தாத்தான் தாம்பூலம். ஆனா ஊத்த விட்டுட்டு நான் மலையெறங்க மாட்டேன்."

வைரவன் அழுதே போட்டான். அவன் தாய்மாமன் ஆவுடையப்பன் மட்டும் கண்ண மூடி ரொம்ப நேரம் யோசிச்சாரு.

"அவரு எறங்க மாட்டாரு. அப்ப வீடுதான் ஏறணும்."

கட்டில், அடுப்பு, ஜன்னலுக்கு ஸ்க்ரீன் எல்லாம் வச்ச ஒரு பழைய வேன் எங்கயோ கெடந்தது, வாங்கிட்டாங்க. வீட்டுக்கு ரெண்டு வாசல் ஆகாதுன்னு டிரைவர் பக்கத்துக் கதவ மாமா ஆணி அடிச்சு மூடிட்டாரு. பாக்கி இருந்தது இடப்பக்கத்து வாசல் ஒண்ணு. அதுக்கு மாவிலை கட்டியாச்சு.

வித்தவன் சொன்னான்: "மலையில கொரங்கு ஜாஸ்தி. எறங்கும்போதெல்லாம் பூட்டிட்டு எறங்குங்க." வைரவன் பூட்டு வாங்கி, சாவிய அரைஞாண்ல முடிஞ்சுக்கிட்டான்.

மெக்கானிக் சொன்னான்: "நிறுத்துனா டயருக்குக் கல்லு வைங்க. புகை வந்தா உடனே பச்சத்தண்ணி ஊத்துங்க. அடங்குற வரைக்கும் ஊத்துங்க."

பால் காய்ச்ச வந்த அய்யர் சொன்னாரு: "முதல்ல பசு உள்ள போகட்டும்." பசு உள்ள போச்சு. அது எப்ப வெளிய வரணும்னு அவரு சொல்லல. கேக்கலாம்னு பாத்தா அய்யர் அடுத்த கிரகப்பிரவேசத்துக்குப் போயிட்டாரு. சரின்னு மாட்டோடயே கெளம்பிட்டாங்க.

ஓட்டுனது மாமா மகன் பூதப்பாண்டி. அடிவாரத்து டீக்கடையில நிறுத்துனதும் மாமாவும் வைரவனும் எறங்கி, வாசலப் பூட்டிட்டு டீ குடிச்சாங்க. ஜன்னல்ல ரெண்டு தலை தெரிஞ்சுது. ஒண்ணு மாடு.

"மச்சான், எனக்கு டீ?"ன்னு கேட்டது இன்னொண்ணு.

"வீட்டுல இருக்கிறவங்களுக்குப் பார்சல்தாம்லே"ன்னான் வைரவன்.

மொத வளைவு வரைக்கும் ரோடு தெக்கால போச்சு, வாசல் கிழக்க பாத்துச்சு, எல்லாரும் சந்தோசமா இருந்தாங்க. கொண்டை ஊசி வளைவுல பூதப்பாண்டி ஸ்டியரிங்க ஒடிக்கப் போனான். மாமா பாஞ்சு கையப் பிடிச்சாரு.

"ஏலே! திருப்புனா வாசல் எங்க பாக்கும்?"

"மேக்க."

"மேக்கு பாத்த வீட்ட வச்சுக்கிட்டு எவன் பொண்ணு கேக்கப் போவான்?"

"திருப்பாம எப்படிப்பா மேல போறது?"

மூணு பேரும் ரோட்டுல எறங்கி, வாசலப் பூட்டி, கல்லு வச்சு, யோசிச்சாங்க. பின்னால பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடிச்சுக்கிட்டே கெடந்துது. கடைசியா வைரவன்தான் சொன்னான்:

"வீட்டத் திருப்ப வேண்டாம் மாமா. இப்படியே பின்னால ஏறிருவோம்."

அப்படித்தான் ஏறுனாங்க. ஒரு வளைவு முன்பக்கமா, அடுத்த வளைவு ரிவர்ஸ்ல. எதுக்க வந்தவன் எல்லாம் இது வருதா போகுதான்னு தெரியாம வண்டிய ஓரங்கட்டிட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டான். மாடு மட்டும் கடைசி வரைக்கும் கிழக்கயே பாத்துட்டு வந்துச்சு. மாமாவுக்கு அதுல ரொம்பப் பெருமை.

ஆவிப்பாறை வந்துச்சு. மேட்டுல வேன நிறுத்தி, பூட்டி, கல்லு வச்சாங்க. கீழ பள்ளத்துல பாறைக்கு நடுவுல ஊத்து. குபுகுபுன்னு வெள்ளையா கெளம்புது.

"அப்பா, புகை!"ன்னு கத்துனான் பூதப்பாண்டி.

"வண்டியில இருந்தா?"

"இல்ல, மலையில இருந்து."

மாமா மொகம் மாறிருச்சு. "மெக்கானிக் என்ன சொன்னான்? வண்டியில புகை வந்தான்னானா, வெறும் புகை வந்தான்னானா?"

"வெறும் புகை வந்தான்னுதான் சொன்னான்."

"அப்ப ஊத்துங்கலே! பெரிய ரிப்பேர் ஆயிரப் போவுது!"

ஊத்துக்குள்ள ஒரு மனுசன் கழுத்தளவு உக்காந்திருந்தாரு. முட்டிவலிக்காரரு. வெந்நீர்ல இருக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்காரு. இவங்க பக்கத்து ஓடைய மண்ணு போட்டு மறிச்சு, மொத்தத் தண்ணியையும் அவரு தலைமேலயே திருப்பி விட்டாங்க.

"யோவ்! என்னய்யா பண்றீங்க?"

"பயப்படாதீங்க அண்ணாச்சி. மலை சூடாயிருக்கு. நாங்க வந்துட்டோம்"னாரு மாமா.

ஆவி அடங்கிருச்சு. ஊத்து ஐஸ் மாதிரி ஆயிருச்சு. முட்டிவலிக்காரரு பல்லு தாளம் போட ஆரம்பிச்சிருச்சு. டாக்டர் எந்திரிக்கச் சொல்லாததால அவரும் எந்திரிக்கல.

அந்நேரம் கோமதிநாயகம் வந்தாரு. பின்னால தாம்பூலத் தட்டோட செண்பகவடிவு. அவரு பார்வை ஊத்துப் பக்கமே போகல, வேன் மேலயே இருந்துச்சு. பாக்கெட்ல இருந்து திசைகாட்டிய எடுத்து வாசல்கிட்ட வச்சுப் பாத்தாரு.

"கிழக்கு!"ன்னாரு. திசைகாட்டியக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

வைரவன் வாசலத் தொறந்து உள்ள கூட்டிட்டுப் போனான். கட்டில்ல உக்காந்து பாத்தாரு. அடுப்பத் தட்டிப் பாத்தாரு. மாட்டப் பாத்துட்டு, "லட்சுமிகரமா இருக்கு மாப்ளே"ன்னாரு. மாப்ளேன்னு கேட்டதும் வைரவனுக்குக் காலு தரையில பாவல. அப்பதான் அவரு ஜன்னல் வழியா எட்டிக் கீழ பாத்தாரு.

"அது என்ன கல்லு?"

"முட்டுக் கொடுத்திருக்கு மாமா."

கோமதிநாயகம் மொகம் சுருங்கிருச்சு. "முட்டுக் கொடுத்து நிக்கிற வீட்டுக்கா என் பொண்ண அனுப்புவேன்? இடிஞ்சு விழவா? தட்ட உள்ள கொண்டு போம்மா!"

வைரவனுக்கு உசுரே போயிருச்சு. "மாமா, ஒரு நிமிசம்! எந்திரிக்காதீங்க! முட்டு இல்லாமலே நிக்கும், இப்பப் பாருங்க!" குதிச்சு எறங்குனான். கை பழக்கத்துல தன் வேலையப் பாத்துச்சு. மூணு பேரும் ஆளுக்கொரு கல்லா உருவுனாங்க. ஹேண்ட் பிரேக்? வீட்டுக்கு எதுக்கு பிரேக்குன்னு அதுல பூதப்பாண்டி பனியன் காயப் போட்டிருந்தான்.

வீடு கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. அப்புறம் நிதானமா, வந்த மாதிரியே பின்பக்கமா கெளம்பி பள்ளத்துல எறங்குச்சு. கூடவே இவங்களும் நடந்தாங்க.

"திரும்பலையே?"ன்னாரு மாமா.

"இல்லப்பா, வாசல் கிழக்கதான் இருக்கு."

"அப்ப பயமில்ல."

தொபுக்குன்னு ஊத்துக்குள்ள போய் உக்காந்துச்சு வேன். முட்டிவலிக்காரரு ஒரே தாவுல பாறைமேல நின்னாரு, முட்டியெல்லாம் நல்லாவே மடங்குச்சு. ஜன்னல்ல ரெண்டு தலை. ஒண்ணு மாடு. இன்னொண்ணு என்னமோ கத்துது, தண்ணிச் சத்தத்துல கேக்கல. இடுப்பளவு பச்சத்தண்ணியில கையக் கைய ஆட்டுது.

"கூப்பிடுறாரு"ன்னான் பூதப்பாண்டி.

"வாழ்த்துறாருலே"ன்னாரு மாமா. "இவ்வளவு நடந்தும் வீட்ட விட்டு எறங்குறாரா பாரு. எறங்க மனசு வரல. அவ்வளவு பிடிச்சுப் போச்சு. மாப்ளே, தட்ட வாங்கிக்க!"

வைரவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. செண்பகவடிவு முன்னால போய் ரெண்டு கையையும் நீட்டுனான். அவளும் வெக்கப்பட்டு, சிரிச்சு, தட்ட நீட்டுனா.

பாறைமேல நடுங்கிட்டு நின்ன முட்டிவலிக்காரருக்கு அதுக்கு மேல பொறுக்கல.

"அட கூறுகெட்டவங்களா! அவரு எப்படிய்யா எறங்குவாரு? பூட்டு வெளிய தொங்குது, சாவி உன் இடுப்புல தொங்குது!"