சொல்லிவிட்டுத்தான் தண்ணீர்

"பன்னிரண்டு சீசன். பத்து தடவை அரையிறுதி. நாலு கோப்பை. எப்படி?"

செண்பகராஜ் கேட்டார். ஒரு வணக்கம்கூட இல்லை. கோவில்பட்டி வரைக்கும் ஒன்றரை மணி நேரம் காரில் வாயைத் திறக்காமல் வந்த மனுஷன், இறங்கியதும் இதைத்தான் கேட்டார்.

கரிசல் ஹாக்கி அணியின் கோச் ஜெபராணி டர்ஃபுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். குழாயை மூடவில்லை.

"வாங்க அண்ணாச்சி. நல்லா இருக்கீங்களா? மோர் குடிக்கீங்களா?"

"மோரெல்லாம் வேண்டாம். பதில் சொல்லுங்க மேடம்."

செண்பகராஜ் வேம்பாறு அணியின் கோச். ஜெபராணியைவிட எட்டு வயது மூத்தவர். சின்னவரிடம், அதுவும் எதிரணி கோச்சிடம் வந்து நிற்பது லேசான காரியமா? ரோஷக்காரர் வேறு. ஆனாலும் வந்து நின்றார்.

காரணம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் லீக் கோப்பையைத் தூக்கிய அணி அவருடையது. அடுத்த வருஷம் ஐந்தாம் இடம். அப்புறம் ஏழு. போன சீசன் கடைசி.

"இன்னொரு தடவை கடைசியில வந்தா நாங்க வேற ஆளைப் பாத்துக்கிடுவோம்" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

முப்பது வருஷமாக ஹாக்கியைத் தவிர வேறொன்றும் தெரியாதவர். வெளியில் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் நன்றாகவே பயந்துபோயிருந்தார்.

அவர் அக்குளில் ஒரு டைரி இருந்தது. குறுக்கே ரப்பர் பேண்ட். அவர் கண்டுபிடித்த அத்தனை வித்தையும் அதற்குள்தான். தூங்கும்போதும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார் என்று பையன்கள் கேலி பேசுவார்கள். கேலி பேசினாலும் அது உண்மைதான்.

காருக்குள் அவருடைய உதவி கோச் தவசிமுத்து இருந்தான். நாற்பது வயது. ஒன்பது வருஷமாக அவரோடு இருக்கிறான்.

"நீ இங்கயே இரு" என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் செண்பகராஜ் இறங்கினார்.

"சரி அண்ணாச்சி" என்று அவனும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். ஒன்பது வருஷத்தில் எல்லாம் பழகிப்போயிருந்தது.

ஜெபராணி குழாயை மூடினார்.

"பதில் தெரிஞ்சா நான் புத்தகம் போட்டிருக்க மாட்டேனா?"

"விளையாடாதீங்க மேடம்."

"விளையாட்டுத் திடல்ல வந்து நின்னுக்கிட்டு விளையாடாதீங்கன்னா எப்படி?" ஜெபராணி சிரித்தார். "இன்னைக்குப் பயிற்சி ஆட்டம். எங்க பசங்களுக்குள்ளயே ரெண்டு அணி. மஞ்சள் சட்டைக்காரங்கதான் என் முதல் பதினோரு பேரு. அவங்களை நீங்க நடத்துங்க."

"நானா?"

"நீங்கதான். சிவப்புச் சட்டையை நான் பாத்துக்கிடுதேன்."

தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

செண்பகராஜுக்கு மனசுக்குள் குதூகலம். அந்தப் பதினோரு பேரும் அவர் கையில். இனி ரகசியம் எங்கே போய் ஒளியும், பார்த்துவிடலாம்.

ஆட்டம் தொடங்கியது.

ஆறாவது நிமிடம் கருத்தப்பாண்டி ஒரு கோல் போட்டான். மஞ்சள் அணியின் முன்கள வீரன் அவன். என்ன வேகம்! செண்பகராஜ் எதிரணிக்காரர் என்பதையே மறந்து கைதட்டினார்.

ஏழாவது நிமிடம் கருத்தப்பாண்டி தானாகவே கோட்டைத் தாண்டி வெளியே வந்தான்.

"ஏலே! ஒன்னை யாரு வெளிய வரச் சொன்னது?"

"மூச்சு வாங்குது சார்."

"வாங்கினா வாங்கட்டுமே! இப்பத்தானே கோல் போட்டிருக்க?"

"அதுக்குத்தான் ஓடுன ஓட்டம் சார்."

மாற்று ஆளாக உள்ளே போகவேண்டிய மிக்கேல், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான். கருத்தப்பாண்டி பாட்டிலைப் பிடித்தான். மிக்கேல் விடவில்லை. ரெண்டு பேர் கையும் அதில் இருந்தது.

"அவங்க லெஃப்ட் பேக் மட்டையைத் தரையில வைக்கவே மாட்டேங்கான். பந்தை மட்டைக்குக் கீழ தள்ளிவிட்டுப் போ" என்றான் கருத்தப்பாண்டி.

மிக்கேல் பாட்டிலை விட்டான். உள்ளே ஓடினான். கருத்தப்பாண்டி மடமடவென்று குடித்தான்.

"அது என்னடே கூத்து?" என்று செண்பகராஜ் கேட்டார்.

"சொல்லிட்டுத்தான் தண்ணி சார். இங்க அப்படித்தான்."

"யாரு போட்ட சட்டம்?"

"தெரியலை சார். நான் வரும்போதே இருந்துச்சு."

நாலு நிமிடம் கழித்து மிக்கேல் பந்தைக் கீழே தள்ளிவிட்டு லெஃப்ட் பேக்கைத் தாண்டிப் போனான். இரண்டாவது கோல்.

அதற்குப் பிறகு செண்பகராஜ் பந்தைப் பார்த்ததைவிடப் பாட்டிலைப் பார்த்ததுதான் அதிகம். வருகிறவன் எல்லாம் ஒன்று சொன்னான். இந்தப் பக்கம் தரை வழுக்குது. எட்டாம் நம்பருக்கு இன்னைக்குக் கால் சரியில்லை. கோல்கீப்பர் முன்னாடி வந்து நிக்கான். சொன்னதும் தண்ணீர் கிடைத்தது.

ஒரு பையனுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

"நான் ஒண்ணுமே பாக்கலைடா" என்றான் அவன், பரிதாபமாக.

"அப்ப போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு மாற்று ஆள் உள்ளே ஓடினான். பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பையன் வறண்ட வாயோடு கோட்டோரம் நின்று ரெண்டு நிமிடம் கண்கொட்டாமல் பார்த்தான். அப்புறம் அடுத்துப் போகிறவனிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னான். வந்து குடித்தான்.

மூன்றாவது கால் பகுதியில் சிவப்பு அணி ஒரு கோலைத் திருப்பியது. செண்பகராஜுக்குப் பொறுக்கவில்லை. பயிற்சி ஆட்டம்தான். ஆனால் தோற்றுத் தோற்றுப் புண்ணாகிக் கிடந்த மனசுக்கு அதெல்லாம் தெரியுமா?

"பாண்டி! நீ உள்ள போ. நான் சொல்லுத வரைக்கும் வெளிய வராத!"

கருத்தப்பாண்டி தயங்கினான். ஜெபராணியைப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் உள்ளே போனான்.

எட்டு நிமிடம் பறந்தான். பன்னிரண்டாவது நிமிடம் ஓடினான். இருபதாவது நிமிடம் நடந்தான். கைக்கு வந்த ரெண்டு வாய்ப்பும் போயிற்று. பெஞ்சில் மிக்கேல் முழுப் பாட்டிலோடு சும்மா உட்கார்ந்திருந்தான்.

செண்பகராஜ் கத்தினார். கத்திக் கத்தி அவர் தொண்டை கட்டிக்கொண்டது. சிவப்பு அணி இன்னும் ரெண்டு கோல் போட்டது.

எங்கேயோ பார்த்த ஆட்டம் மாதிரி இருந்தது அவருக்கு. எங்கே என்று யோசித்தார். தன் சொந்தத் திடலில்தான்.

வேம்பாறு அணியில் இருந்த ரெக்ஸன் இப்படித்தான் ஆடுவான். அறுபது நிமிடமும் அவனேதான். பெனால்டி கார்னர் கிடைத்தால் அதையும் அவன்தான் அடிக்க வேண்டும்; இன்னொருவனை அடிக்கவிட்டதே கிடையாது. நாலு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கோப்பை அவனால் வந்தது. மறுவருஷம் வேறு அணி கூப்பிட்டது, போய்விட்டான். அவன் போன பிறகு வேம்பாறு அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது.

ஆட்டம் முடிந்தது. மூன்றுக்கு இரண்டு. முதல் பதினோரு பேரை வைத்துக்கொண்டு தோற்றாயிற்று.

செண்பகராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம் தண்ணி" என்றார். குரல் வரவில்லை.

ஜெபராணி ஒரு பாட்டிலை நீட்டினார். அவர் பிடித்தார். ஜெபராணி விடவில்லை.

செண்பகராஜ் நிமிர்ந்து பார்த்தார். ஜெபராணி முகத்தில் சிரிப்பு இருந்தது. கை மட்டும் இளகவில்லை.

"சரி. பாண்டியை வெளிய எடுத்திருக்கணும். என் தப்புதான்."

பாட்டில் வரவில்லை.

"ஒங்க ஆறாம் நம்பர் பையன் பந்து வாரதுக்கு முன்னாடியே தலையைத் தூக்கிடுதான்."

"அது எனக்கே தெரியும் அண்ணாச்சி."

தாகம் உயிரை எடுத்தது. செண்பகராஜ் ஒரு கையால் பாட்டிலைப் பிடித்தபடியே மறுகையால் டைரியை எடுத்து மடியில் வைத்தார். ரப்பர் பேண்டை உருவினார். நாலு பேர் பார்க்க அதை உருவியது அன்றைக்குத்தான்.

"பெனால்டி கார்னருக்கு நான் ஒரு வித்தை வச்சிருக்கேன். இதுவரை ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. ரெண்டு பேரு சேந்து…"

"ஐயய்யோ!" ஜெபராணி பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? உங்களுக்கு அடுத்து உள்ள போறது நானா?"



செண்பகராஜ் டைரியைப் பார்த்தார். அப்புறம் திரும்பி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற காரைப் பார்த்தார். காரில் ஆள் இல்லை.

தவசிமுத்து வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். எப்போது இறங்கி வந்தானோ. கையில் தண்ணீர் பாட்டில்.

"தொண்டை கட்டிப்போச்சே அண்ணாச்சி" என்றான் அங்கிருந்தே. "அதான் எடுத்துட்டு வந்தேன். உள்ள வரலாமா?"

ஒன்பது வருஷமாக அவன் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்று செண்பகராஜுக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் அதட்டினார்.

"வாலே உள்ள! அங்க நின்னுக்கிட்டு என்ன கேள்வி?"

தவசிமுத்து வந்தான். பாட்டிலை நீட்டினான். செண்பகராஜ் அதை வாங்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். டைரியின் முதல் பக்கத்தைத் திறந்து அவன் மடியில் வைத்தார்.

"இதைப் பாரு. பந்தை உள்ள தள்ளுதவன் இங்க நிக்கான். அடிக்கப்போறவன் மாதிரி ஒருத்தன் ஓடிவாரான். அவன் அடிக்கமாட்டான்…"

தவசிமுத்து பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான்.

ஜெபராணி குழாயைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து டர்ஃபுக்குத் தண்ணீர் அடிக்கத் தொடங்கினார். பையன்கள் பையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மோர் வந்தது. பெஞ்சின் மேல் அப்படியே இருந்தது.

பதினேழாவது பக்கத்தில் செண்பகராஜின் குரல் சுத்தமாக அடைத்துக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. முகம் மட்டும் கோப்பையைத் தூக்கிய அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

தவசிமுத்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி நீட்டினான்.

"தண்ணி குடிங்க அண்ணாச்சி."

"இருலே" என்றார் அவர். "இன்னும் சொல்லி முடியலை."